கராஜ் பட்டறையும் பக்கத்து வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கராஜ் கட்டப்படுவது காருக்காக. ஆனால் பல வீடுகளில் கார் வெளியே வெயிலில் காய்கிறது. உள்ளே மேசை ரம்பமோ, டிரம் செட்டோ, பிரித்துப் போட்ட பழைய மோட்டார் சைக்கிளோ குடியிருக்கிறது. என் கராஜில் இருப்பது தச்சுப் பட்டறை. அதன் புண்ணியத்தில் வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேசையும், எனக்கு நகராட்சியிடமிருந்து ஒரு நோட்டீஸும் கிடைத்தன. நோட்டீஸ் வந்த பிறகுதான் விதிப்புத்தகத்தைத் திறந்தேன். அதன் பின் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விதியை நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள்.

என் வீடு, என் கராஜ். உள்ளே நான் என்ன செய்தால் நகராட்சிக்கு என்ன வந்தது?

இந்தச் சண்டை ஒரு நூற்றாண்டுப் பழையது. ஓஹையோ மாநிலத்தில் கிளீவ்லண்டை ஒட்டிய யூக்லிட் என்ற சிற்றூர், எங்கே குடியிருப்பு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை என்று நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து விதி போட்டது. அங்கே நிலம் வைத்திருந்த ஆம்ப்ளர் நிறுவனம், தன் நிலத்தின் மதிப்பு போய்விட்டது என்று வழக்குத் தொடுத்தது. 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் அதில் ஓர் உவமை சொன்னார்: தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் நிற்பதைப் போல, நல்ல பொருளே தவறான இடத்தில் இருந்தால் தொல்லையாகிவிடலாம்.

நம் ரம்பமும் டிரம்மும் அந்தப் பன்றியின் வம்சம்தான். குடியிருப்பு மண்டலத்தில் முதன்மைப் பயன்பாடு வசிப்பது. மற்றதெல்லாம் 'துணைப் பயன்பாடு' என்ற பெயரில்தான் உள்ளே வரலாம். அதாவது, வீட்டு வாழ்க்கையோடு வழக்கமாக ஒட்டி வருவதாகவும், அளவில் அதற்கு அடங்கியதாகவும் இருக்க வேண்டும். பொழுதுபோக்குத் தச்சு வேலை, ஓவியம், சொந்தக் காருக்கு எண்ணெய் மாற்றுவது போன்றவை பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ஆகவே விதிப்புத்தகத்தில் 'தச்சு வேலைக்குத் தடை' என்று தேடினால் கிடைக்காது. எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம், தெருவிலிருந்து என்ன தெரிகிறது, வெளியாள் வருகிறாரா என்ற கோணத்தில் தேடுங்கள்.

பணம் வாங்காமல் செய்தால் அது பொழுதுபோக்குதானே? பிறகென்ன சிக்கல்?

பணம் ஒரு அடையாளம் மட்டும்தான். லாபம் துளியும் இல்லாத பொழுதுபோக்கும் அளவு மீறினால் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து வழுவிவிடும். இதற்குப் பொருத்தமான உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. வேல்ஸில் ஒரு பெண்மணி வீட்டில் 44 நாய்களை ஆசைக்காக வளர்த்தார். விற்கவில்லை, தொழில் செய்யவில்லை. நகரமைப்பு அதிகாரிகள் ஆறு நாய்களுக்கு மேல் கூடாது என்றார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அங்கும் அதிகாரிகளே வென்றார்கள். அவருக்கு அது மனமார்ந்த பொழுதுபோக்கு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஒரு வீட்டில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அளவா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

பணம் வாங்கத் தொடங்கினால் வேறொரு கதவு திறக்கிறது. 'வீட்டுத் தொழில்' என்ற தனிப் பிரிவின் விதிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்: பெயர்ப்பலகை கூடாது, வெளி ஊழியர் கூடாது, வாடிக்கையாளர் வரவு இத்தனைதான் என்று. கராஜைப் பாட்டுப் பதிவுக்கூடமாக மாற்றிக்கொண்டவர்களுக்கு நாஷ்வில் நகரம் ஒரு பாடம். இசையை வைத்தே பெயரெடுத்த அந்த ஊரில், வீட்டுத் தொழிலுக்கு வாடிக்கையாளர் ஒருவர்கூட வரக் கூடாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. வழக்கும் வாதமும் நடந்த பிறகு 2020இல்தான் வரம்புகளோடு அனுமதித்தார்கள். ஃபுளோரிடா மாநிலம் 2021இல் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டுத் தொழில்களை உள்ளூர் நிர்வாகங்கள் தனியாகக் குறிவைத்துக் கட்டுப்படுத்த முடியாதபடி சட்டம் இயற்றியது.

நண்பருக்கு ஒரு புத்தக அலமாரி செய்து கொடுத்து மரத்தின் விலையை வாங்கிக்கொண்டால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். வாரம் மூன்று அலமாரி, வாசலில் லாரி என்றால் தட்டுவார்கள்.

கார் ரிப்பேர் என் ஆசை. அதைத் தடுக்க முடியுமா?

மற்ற பொழுதுபோக்குகளைவிடக் காருக்குத்தான் கெடுபிடி அதிகம். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) விதியை எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பு மண்டலத்தில் சிறு பழுதுபார்ப்பு செய்யலாம். ஆனால் வீடுகளில் சாதாரணமாக இருக்காத கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. அந்த வீட்டில் வசிப்பவர் பெயரில் பதிவாகாத வண்டியில் கை வைக்கக் கூடாது. மூடிய கராஜுக்கு வெளியே பிரித்துப் போட்ட வண்டி 24 மணி நேரத்துக்கு மேல் ஓடாத நிலையில் கிடக்கக் கூடாது.

இந்த விதி இணையத்தில் பரவியபோது பலரும் பொங்கினார்கள். நானும் முதலில் பொங்கினேன். 'வீடுகளில் சாதாரணமாக இருக்காத கருவி' எது என்று யார் சொல்வது? என் வீட்டில் முறுக்கு விசை அளக்கும் ஸ்பானர் இருக்கிறது. உங்கள் வீட்டில் சுத்தியல்கூட இல்லாமலிருக்கலாம். ஆனால் இந்த வாசகம் யாருக்காக எழுதப்பட்டது என்று யோசித்தால் விளங்கும். புல்வெளியில் நான்கு வண்டிகளை நிறுத்திவைத்து, ராத்திரி பதினொன்றுக்குக் காற்றழுத்தத்தில் ஓடும் ரெஞ்சால் போல்ட் கழற்றும் ஆளுக்காகத்தான். சிக்கல் என்னவென்றால், அந்த ஆளுக்காக எழுதிய விதி, மூடிய கதவுக்குப் பின்னால் தன் மகனோடு பழைய வண்டியைச் சீர்செய்யும் அப்பாவையும் பிடிக்கும். பிடிக்கவேண்டுமென்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்தால் போதும்.

நகராட்சி அனுமதிக்கிறது. பிறகும் குடியிருப்புச் சங்கம் கூடாது என்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டில் எது கடுமையோ அதை. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கட்டுப்பாடு சட்டம் அல்ல, ஒப்பந்தம். நீங்கள் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது அந்தக் கட்டுப்பாடுகளுக்கும் சேர்த்தே போட்டுவிட்டீர்கள். அவை நிலத்தோடு ஒட்டியவை, அடுத்து வாங்குபவரையும் கட்டும். நகராட்சி 'சரி' என்பதால் ஒப்பந்தம் ரத்தாகாது.

சங்க விதிகளில் நம் ஆட்கள் கவனிக்காத ஒரு வரி உண்டு: 'கராஜ், வாகனம் நிறுத்தப் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும்.' சில நகராட்சிகளிலும் இதே கணக்கு வேறு வடிவில் வரும். வீடு கட்ட அனுமதித்தபோது கட்டாயமாகக் கேட்ட இரண்டு கார் இடம் உங்கள் கராஜ்தான். அங்கே பட்டறை மேசையைத் தரையில் போல்ட் அடித்து நிறுத்தினால், சத்தமே இல்லாவிட்டாலும் விதிமீறல். நான் செய்த ஏற்பாடு எளியது: எல்லா இயந்திரங்களுக்கும் பூட்டு வைத்த சக்கரம். தள்ளி ஓரங்கட்டினால் ஒரு கார் நுழையும். நுழையும் என்பதுதான் முக்கியம். தினமும் நுழைகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

சங்கத்தோடு வாதாட ஒரு நல்ல பிடி இருக்கிறது. ஒரே விதியை உங்கள் வீட்டுக்கு மட்டும் பயன்படுத்தி, அதே தெருவில் மற்றவர்களை விட்டுவைத்தால், அந்தப் பாரபட்சத்தைப் பல மாநிலங்களில் எதிர்வாதமாக வைக்கலாம். ஆனால் அதற்கு மற்ற வீடுகளைப் படம் பிடிக்க வேண்டிவரும். அதன் பிறகு அந்தத் தெருவில் உங்களுக்கு யார் முகம் கொடுப்பார்கள் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

பகல் நேரத்தில், அனுமதித்த நேரத்துக்குள்தான் வேலை செய்கிறேன். பிறகும் புகார் செய்கிறார்களே?

எனக்கு நடந்ததும் இதுதான். ஓக் மரத்தில் சாப்பாட்டு மேசை செய்துகொண்டிருந்தேன். பலகைகளை இழைப்பு இயந்திரத்தில் விட வேண்டும். ஒரு பலகைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை. சனிக்கிழமை நண்பகல். விதிப்படி எந்தத் தவறும் இல்லை. ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் வந்தது: 'தொடர் இரைச்சல்.'

பக்கத்து வீட்டு அம்மா மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் நண்பகல் அவருக்கு நள்ளிரவு. பேசப் போனேன். அவர் கணவர் வாதாடவில்லை. "நீங்களே வந்து கேளுங்கள்" என்று உள்ளே அழைத்துப் போனார். என் மகனை இயந்திரத்தை ஓட்டச் சொல்லிவிட்டு அவர்கள் படுக்கையறை ஜன்னலருகே நின்றேன். பலகை உள்ளே நுழையும்போது சுருதி இறங்குகிறது. வெளியேறியதும் கிறீச்சென்று ஏறுகிறது. பிறகு அமைதி. அடுத்த பலகை எப்போது நுழையும் என்று காது தானாகவே காத்திருக்கத் தொடங்குகிறது. சத்தத்தைவிட அந்தக் காத்திருப்புதான் கொடுமையாக இருந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் எனக்கு அது தெரியவே தெரியாது. பலகை என் கையில் அல்லவா இருக்கிறது!

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் சுவரில் ஒரு முனகல் மிச்சமிருந்தது. மரத்தூள் உறிஞ்சும் கருவியை என் கராஜின் பக்கச் சுவரில் போல்ட் அடித்து மாட்டியிருந்தேன். அதை அணைக்காமலே மணிக்கணக்கில் ஓடவிடுவது என் வழக்கம். சுவர் முழுவதும் ஒலிபெருக்கியின் தோல் போல அதிர்ந்துகொண்டிருந்தது. புகாரில் எழுதியிருந்த 'தொடர்' என்ற சொல் அதைத்தான் குறித்தது. கருவியைச் சுவரிலிருந்து கழற்றி, தரையில் தடித்த ரப்பர் பாயின் மேல் நிறுத்தினேன். அரை மணி நேர வேலை. இழைப்பு வேலையைச் செவிலியர் அம்மாவின் விடுப்பு நாளுக்கு மாற்றிக்கொண்டேன். விடுப்பு மாறினால் கணவர் குறுஞ்செய்தி அனுப்பிவிடுவார்.

சத்தத்தைக் குறைக்க உண்மையில் எது உதவும்? சுவரில் பஞ்சு ஒட்டலாமா?

முட்டை அட்டை, மெல்லிய பஞ்சுத் தட்டுகள் எல்லாம் உள்ளே எதிரொலியைத்தான் குறைக்கும். வெளியே போகும் சத்தத்தை நிறுத்தாது. நிறுத்துவது எடையும், இடுக்கு இல்லாமையும்.

இடுக்கைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கையும் கருங்கல்லால் கட்டினாலும் அந்தச் சுவர் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் குறைக்காது. ஒலி அந்த ஒரு பங்கு வழியாகவே போய்விடும். கராஜ் கதவின் அடியில் எலி நுழையும் இடைவெளியும், பக்கவாட்டில் விரல் நுழையும் இடைவெளியும் சேர்ந்தால் ஏறத்தாழ இந்தக் கணக்குத்தான் வரும். ஆகவே முதலில் கதவின் அடிப்பட்டையையும் பக்க ரப்பர்களையும் மாற்றுங்கள். சுவருக்கு ஜிப்சம் பலகை இன்னொரு அடுக்கு போடுவது அதற்குப் பிறகு.

தூரமும் உதவும், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபல் தரும் இயந்திரம், கதவைத் திறந்து வைத்தால் 8 மீட்டரில் 82 டெசிபல். பகலில் எல்லைக் கோட்டில் 55 அல்லது 60 டெசிபல்தான் என்று எழுதி வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கதவைச் சாத்துவதுதான் இருப்பதிலேயே மலிவான மருந்து என்று புரியும்.

அளந்து பார்க்க விரும்பினால், தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஐஃபோனுக்கு இலவச ஒலியளவுச் செயலி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. எல்லைக் கோட்டில் நின்று அளங்கள். பட்டறைக்குள் நின்று அளந்து பயனில்லை. பட்டறைக்குள் அளந்தால் வேறொரு உண்மை தெரியும்: அந்த நிறுவனம் எட்டு மணி நேரத்துக்குப் பரிந்துரைக்கும் உச்சம் 85 டெசிபல், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அண்டை வீட்டாரின் தூக்கத்துக்கு முன் உங்கள் காதுதான் போகும்.

டிரம்ஸ்?

தாழ்ந்த சுருதி எதையும் மதிக்காது. மேலே சொன்ன வைத்தியங்கள் பாதிதான் பலிக்கும். வலைத்தோல் மாட்டிய டிரம்முக்கோ மின்னணு டிரம்முக்கோ மாறுங்கள். மின்னணு டிரம்மிலும் மிதிகட்டை தரையை அதிரவைக்கும். பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிரும் வீடாக இருந்தால் அதற்கும் அடியில் பாய் வேண்டும்.

இருபது ஆண்டுகளாக நான் இங்கே வேலை செய்கிறேன். அவர்கள் போன வருடம்தான் குடி வந்தார்கள். முன்னுரிமை எனக்குத்தானே?

நியாயமாகத் தோன்றும், ஆனால் நம்ப முடியாத வாதம். 1879இல் இங்கிலாந்தில் முடிவான ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். லண்டனில் ஒரு மிட்டாய் தயாரிப்பாளர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் சமையலறையில் பெரிய உரல்களில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடி வந்த மருத்துவர், தோட்டத்தின் கோடியில், அந்தச் சமையலறைச் சுவரை ஒட்டியே நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்றைக் கட்டினார். நோயாளியின் நெஞ்சில் காதை வைத்தால் உரல் சத்தம்தான் கேட்டிருக்கும். மருத்துவர் வழக்குப் போட்டு வென்றார். தொல்லை என்பது அந்த அறை வந்த பிறகுதான் பிறந்தது. ஆகவே பழைய ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றது நீதிமன்றம். மிட்டாய்க்காரர்மேல் எனக்கு இன்றும் இரக்கம் உண்டு.

அமெரிக்க நீதிமன்றங்கள் 'தெரிந்துதானே குடி வந்தீர்கள்' என்பதை ஓர் அம்சமாகப் பார்க்கலாம். அது ஒன்றே வழக்கை முடித்துவிடாது. மண்டல விதியில் 'விதி மாறுவதற்கு முன்பிருந்த பயன்பாடு' என்ற பாதுகாப்பு தனியாக உண்டு. ஆனால் அந்தப் பயன்பாடு தொடங்கிய அன்று சட்டப்படி சரியாக இருந்திருக்க வேண்டும், விரிவாக்கக் கூடாது, குறிப்பிட்ட காலம் நிறுத்திவிட்டால் உரிமை போய்விடும். யாரும் கவனிக்காமல் நடந்துவந்தது வேறு, அனுமதியோடு நடந்துவந்தது வேறு.

புகார் கொடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? பதிலுக்கு நானும் ஏதாவது செய்யலாமா?

பல ஊர்களில் பெயரில்லாப் புகாரையும் ஏற்பார்கள். ஃபுளோரிடாவில் 2021 முதல், உடனடி ஆபத்து இருந்தாலொழிய, பெயரும் முகவரியும் தராதவரின் புகாரை ஆய்வாளர் விசாரிக்கக் கூடாது. மற்ற இடங்களில் பொதுப் பதிவுகள் சட்டப்படி மனுப் போட்டுப் பார்க்கலாம், கிடைத்தாலும் கிடைக்கும்.

பதிலுக்குச் செய்வது? வேண்டவே வேண்டாம். 1893இல் கிறிஸ்டி எதிர் டேவி என்ற வழக்கு. ஒரே சுவரைப் பகிர்ந்த இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் இசை வகுப்பு. மறு வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல், வகுப்பு நடக்கும்போதெல்லாம் சுவரைத் தட்டினார், தட்டுகளை அடித்தார், சீட்டியடித்தார், கத்தினார். பியானோவுக்குத் தடை வரவில்லை. தட்டடிக்குத்தான் தடை வந்தது. வேண்டுமென்றே எரிச்சலூட்டச் செய்வதற்கும், வேறு வேலைக்காகச் செய்யும்போது எழும் சத்தத்துக்கும் சட்டத்தின் காதில் வித்தியாசம் உண்டு. தட்டை அடித்தவர் முதலில் கடிதம்தான் எழுதினார். ஆனால் அதில் நையாண்டி மிகுந்திருந்தது. பணிவாகவே எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இப்போது என்ன செய்வது?

முதலில் தேதியைப் பாருங்கள். சரிசெய்யக் கொடுத்த கெடு என்ன, மேல்முறையீட்டுக்குக் கெடு என்ன என்று இரண்டு தேதிகள் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் குறுகியது, சின்ன எழுத்தில் இருக்கும். அடுத்து, எந்தப் பிரிவை மீறியதாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பிரிவின் முழு வாசகத்தையும் நகராட்சியின் இணையதளத்தில் எடுத்துப் படியுங்கள். என் நோட்டீஸில் 'தொடர் இரைச்சல்' என்று எழுதியிருந்தாலும், மேற்கோள் காட்டிய பிரிவு ஒலி விதி அல்ல. வீட்டுத் தொழில் விதி. வாசலில் அடுக்கியிருந்த ஓக் பலகைகளைப் பார்த்து நான் மேசை வியாபாரம் செய்வதாக யாரோ நினைத்திருக்கிறார்கள். மேசை எங்கள் சாப்பாட்டறையில்தான் இருக்கிறது என்று ஒரு படத்தை இணைத்து நான்கு வரி எழுதினேன். அந்தப் பகுதி முடிந்தது.

ஆய்வாளர் உள்ளே வரலாமா என்று கேட்பார். 1967இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து போன கமாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வீட்டுக்குள் இத்தகைய ஆய்வுக்கு, நீங்கள் சம்மதிக்காவிட்டால், அவசர நிலை தவிர, வாரண்ட் வேண்டும். மறுக்க உரிமை உண்டு. மறைக்க ஒன்றும் இல்லாதபோது நான் மறுக்கவில்லை. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். மேசைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் அப்பாவும் தச்சர் என்றார். அதனால் விதி தளர்ந்துவிடவில்லை, ஆனால் கெடு இரண்டு வாரம் நீண்டது. சுவரை உடைத்து மாற்றியிருந்தாலோ, பெரிய இயந்திரங்களுக்கான 240 வோல்ட் இணைப்பை அனுமதியில்லாமல் இழுத்திருந்தாலோ, அவரை உள்ளே அழைப்பதற்கு முன் வழக்கறிஞரோடு பேசுங்கள்.

அவகாசம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அலட்சியம் செய்தால் நாள் கணக்கில் அபராதம் ஏறி, கடைசியில் வீட்டின்மேல் கடன் பொறுப்பாக நிற்கும்.

சத்தம் இல்லாத வேலைதான் செய்கிறேன்: வார்னிஷ், வண்ணம், இன்ஜின் கழுவுதல். இதில் என்ன தகராறு?

வாசனையும் வேலி தாண்டும். ஆனால் இதில் புகாரைவிடத் தீதான் பெரிய கவலை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து, வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். நம்பாதவர்களுக்கு: 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தின் 22ஆம் மாடியில் தீ தொடங்கியது இப்படிப்பட்ட துணிகளிலிருந்துதான். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். துணியை விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். கராஜில் நிற்கும் வெந்நீர்க் கொதிகலனின் தீப்பொறி மூலத்தைத் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயர்த்திவைக்கக் கட்டட விதி சொல்வது இதனால்தான். வீட்டுக்கும் கராஜுக்கும் இடையிலுள்ள ஜிப்சம் சுவர் தீத்தடுப்பு. குழாய்க்காக அதில் ஓட்டை போட்டால் அடைத்துவிடுங்கள். இந்த வகை மீறல்களில் ஆய்வாளர் கெடு நீட்டித் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள், தரவும் கூடாது.

வீட்டில் பீர் காய்ச்சுவது, ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி)?

சொந்தப் பயன்பாட்டுக்குப் பீர் காய்ச்சுவதை 1978இல் மத்திய அரசு அனுமதித்தது: இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், ஒருவருக்கு 100. விற்கக் கூடாது. சாராயம் வடிப்பதற்கு இந்த விலக்கு பொருந்தாது.

ஹாம் ரேடியோக்காரர்கள் பாக்கியசாலிகள். உள்ளூர் விதிகள் அவர்களின் ஆன்டெனாவுக்கு நியாயமான இடமளிக்க வேண்டும் என்று மத்திய தகவல் தொடர்பு ஆணையம் 1985இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அது நகராட்சியைத்தான் கட்டும், குடியிருப்புச் சங்கத்தை அல்ல. நம் ரம்பங்களுக்கு அப்படிக்கூட ஓர் ஆதரவு இல்லை.

பெரிய கம்பெனிகள் கராஜில்தானே தொடங்கின? அவர்களுக்கு யாரும் நோட்டீஸ் விடவில்லையே?

பாலோ ஆல்டோவில் அடிசன் அவென்யூ 367இல் எச்பி நிறுவனத்தைத் தொடங்கிய ஹியூலெட்டும் பாக்கார்டும் வேலை செய்த கராஜ் இன்று கலிஃபோர்னியாவின் வரலாற்றுச் சின்னம். 1939இல் அவர்கள் நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் செய்தது ஒலி அலையியற்றி, மேசைமேல் வைக்கும் மின்னணுக் கருவி. அதே இடத்தில் ரம்பத் தொழிற்சாலை வைத்திருந்தால் சின்னமாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

நான் மறுபக்கம். பக்கத்து வீட்டு கராஜ் சத்தத்தால் அவதிப்படுபவன் நான். எங்கே தொடங்குவது?

நகராட்சியில் தொடங்காதீர்கள். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். இந்த விஷயத்தில் அது அப்படியே பொருந்தும். நகராட்சியின் நோட்டீஸ் வந்த பிறகு, நீங்கள் சொல்லும் எந்த நல்ல சொல்லும் எதிராளியின் காதில் ஏறாது. எனக்கு நோட்டீஸ் வந்த பிறகு மூன்று நாளும் நான் அந்த வீட்டைப் பார்த்த பார்வை எனக்கே வெட்கம்.

வேலை நடக்கும்போது போகாதீர்கள்; மறுநாள் போங்கள். 'உங்கள் இயந்திரம் சத்தம்' என்று சொல்லாமல், என்ன நேரத்தில் எந்த மாதிரிச் சத்தம் வந்தது என்று சொல்லுங்கள். முடிந்தால் உள்ளே அழைத்துக் கேட்கச் செய்யுங்கள். வேலை செய்பவருக்கு அது எப்படிக் கேட்கிறது என்று உண்மையிலேயே தெரியாது. பலிக்காவிட்டால் இரண்டு வாரம் தேதி, நேரம், எவ்வளவு நேரம் என்று குறித்து வையுங்கள். 'எப்போதும்', 'தினமும்' போன்ற சொற்களை ஆய்வாளர்கள் நம்புவதில்லை. 'செவ்வாய் மாலை 7.40 முதல் 9.10 வரை' என்பதை நம்புவார்கள். பல மாவட்டங்களில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சமரச மையங்கள் இருக்கின்றன. நீதிமன்றத்துக்கு முன் அங்கே போங்கள்.

இந்தத் தகராறு வீட்டை விற்கும்போது வில்லங்கமாகுமா?

ஆகலாம். கலிஃபோர்னியாவில் வீடு விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டிய வெளிப்படுத்தல் படிவத்தில், அக்கம்பக்கத்து ஒலித் தொல்லையோ வேறு தொல்லைகளோ உண்டா என்று நேரடியாகவே ஒரு கேள்வி இருக்கிறது. புகார் கொடுத்தவர் விற்கும்போது, பக்கத்தில் ஒரு ரம்பம் இருக்கிறது என்று அவர்தான் எழுத வேண்டும். ரம்பக்காரர் விற்றால், தீராத நோட்டீஸையும் அனுமதியில்லாத மின் இணைப்பையும் அவர் எழுத வேண்டும். நோட்டீஸ் ஒன்று தீர்ந்துவிட்டால், வழக்கு முடிந்ததென்று நகராட்சியிடம் எழுத்தில் வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் அது வரவில்லை. இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் வந்தது.